உதடு ஒட்டாத வரி

வசனகர்த்தா பரஞ்சோதி, ஐம்பத்து நான்கு வயதில், ஒரு நடிகை கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் தன் குருவின் வீட்டுக்குப் போனார்.

குருவின் பெயர் தனக்கோடி அம்மாள். திரையில் யாரோ வாயசைக்க, பின்னாலிருந்து குரல் கொடுத்தே பேர் வாங்கியவர். பிறமொழிப் படங்களுக்கு உதடு பார்த்துத் தமிழ் வசனம் எழுதும் வித்தையைப் பரஞ்சோதிக்குக் கற்றுத் தந்தவரும் அவர்தான். இப்போது பரஞ்சோதி நேரடித் தமிழ்ப் படங்களுக்கே எழுதுகிறார். ஆனாலும் ஒரு வரி இடறினால் வண்டி தானாக அம்மாள் வீடு இருக்கும் சாலிகிராமம் பக்கம் திரும்பிவிடும்.

அம்மாள் நாளிதழை விரித்துக் குறுக்கெழுத்து நிரப்பிக்கொண்டிருந்தார்.

“என்னப்பா, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு? தயாரிப்பாளர் ஓடிட்டாரா?”

“அவர் இருக்கார்மா. கதாநாயகிதான் ஒரு கேள்வி கேட்டுட்டா.”

“என்னன்னு?”

“செங்கமலம் என்ன சார் தப்பு பண்ணினாள்னு.”

அம்மாள் பேனாவை மூடினார்.

செங்கமலம் கதை அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒரு வணிகன், ‘பொழுது சாயறதுக்குள்ள வந்துடறேன்’ என்று மனைவியை ஒரு சத்திரத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனான். வழியில் எவனோ அவளைப் பற்றி ஏதோ சொன்னான். அதை நம்பித் திரும்பாமலே இருந்துவிட்டான். அவள் அந்தச் சத்திரத்தில் அடுப்பு மூட்டினாள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சோறு போட்டாள். வருஷங்கள் போயின. ஒருநாள் தாடியும் மீசையுமாக அவனே பந்தியில் வந்து உட்கார்ந்தான். சோற்றைப் பிசைகிற விதத்திலேயே அவள் ஆளைக் கண்டுகொண்டாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு ஒரு வார்த்தை சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பழங்கதை அதோடு முடிந்துவிடும். என்ன வார்த்தை என்று அதில் கிடையாது.

சினிமாவுக்கு அது போதுமா? கறுப்பு வெள்ளையில் எடுத்தபோது ஒரு வார்த்தை வைத்தார்கள். “என்னை மன்னிச்சிடுங்க.” சொல்லிவிட்டு அவன் காலில் விழுவாள். படம் ஊர் ஊராக ஓடியது. அந்த ஒரு வரிக்கு மட்டும் குரல் தனக்கோடி அம்மாளுடையது. அதை விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் பரஞ்சோதி இளம் வயதில் அவர் வாசலில் வந்து நின்றார்.

இப்போது அதே கதையை வண்ணத்தில் எடுக்கிறார்கள். வசனம் பரஞ்சோதி. எல்லாவற்றையும் புதிதாக எழுதியவர், அந்த வரியை மட்டும் தொடவில்லை. நாளைக் காலை அந்தக் காட்சி.

“நீ என்ன பதில் சொன்னே?”

“அவ அந்தக் காலத்துப் பொண்ணும்மான்னேன்.”

“அதுக்கு?”

“தப்பே பண்ணாம மன்னிப்பு கேக்கறது எந்தக் காலம் சார்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சுட்டாங்க.”

“நீ?”

“எனக்குச் சிரிப்பு வரலைம்மா.”

“அப்போ மாத்திடேன். உன் பேனா, உன் காகிதம்.”

“முடியலை.”

ஏன் முடியவில்லை என்று அவரும் இரண்டு நாளாகத் தன்னையே குடைந்துகொண்டுதான் இருந்தார். யோசிக்கும்போதெல்லாம் ஊர்க் கொட்டகையின் மணல் தரை வந்து நின்றது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்புயரத் தட்டி. பொடியனாக அவர் அம்மாவோடு இந்தப் பக்கம். அப்பா அந்தப் பக்கம். அந்த வரி வந்ததும் ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. அப்பாவின் கைதட்டல் அவருக்குத் தனியாகவே கேட்டது. அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பையன் திரையைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தான். அதற்குப் பிறகு எத்தனை முறை அந்தப் படத்தைப் போட்டாலும் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வார். குரல் கேட்கும். போய்ச் சேர்ந்துவிட்ட அம்மாவின் முகம் தெரியும்.

இதை ஒருமாதிரி தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார்.

“அந்த வரி தப்புன்னு ஆயிட்டா, எங்கம்மா எதுக்கு அழுதாங்க? அதைத் தூக்கிப் போட்டுட்டா அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது?”

அம்மாள் டிவியைக் காட்டினார்.

“அந்தப் படத்தைப் போடு. கடைசிக் காட்சி.”

போட்டார். வணிகன் இலையை மடித்தான். செங்கமலத்தின் முகம் திரை முழுக்க வந்தது. பரஞ்சோதியின் கண்கள் பழக்கத்தில் மூடின.

அம்மாள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார்.

“இப்போ கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. கண்ணைத் திற.”

பரஞ்சோதி பார்த்தார். செங்கமலம் பேசினாள். அடுத்த நொடி அவன் பாதங்கள், அவற்றின் மேல் அவள் கைகள்.

“இன்னொரு வாட்டி.”

பார்த்தார். தொழில் தெரிந்த கண். இந்த முறை அது உதட்டில் போய் நின்றது. ‘ம’, ‘ப’ என்று சொல்ல இரண்டு உதடும் ஒட்டியாக வேண்டும். அம்மாள் அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். செங்கமலத்தின் உதடுகள் ஒருமுறைகூட ஒட்டவில்லை.

“அம்மா! இவங்க மன்னிச்சிடுங்கன்னு சொல்லவே இல்லையே!”

“சொல்லலைதான். எடுத்தப்போ வேற வசனம். படத்தை வாங்க வந்தவங்க, இப்படி முடிஞ்சா குடும்பம் குடும்பமா வர மாட்டாங்கன்னாங்க. வசனத்தை மாத்தினாங்க, கால்ல விழறதையும் வேற யாரோ கையை வெச்சு எடுத்து ஒட்டினாங்க. மாத்திப் பேச அந்த நடிகை வரலை. அதான் என்னைக் கூப்பிட்டாங்க.”

“முதல்ல என்ன வசனம்?”

“யாரும் சொல்லலை. படத்துல சத்தத்தை எடுத்துட்டு வாயை மட்டும்தான் காட்டினாங்க.”

“உதடு சேரலைன்னு அப்பவே யாரும் கவனிக்கலையா?”

“நான் சொன்னேன். டைரக்டர் சிரிச்சார். யாரும்மா பாக்கப் போறாங்க, கேக்கத்தானே போறாங்கன்னார். தப்பாச் சொல்லலையே. என்கிட்டயே பாடம் படிச்சவன், நீ பாத்தியா?”

பரஞ்சோதிக்குக் காது சிவந்தது.

“ஆனா எங்கம்மா...”

“உங்கம்மா கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தானேப்பா அழுதா?”

பரஞ்சோதி திரையைப் பார்த்தார். அம்மா எதைக் கண்டு அழுதாள் என்று இனி அவளைக் கேட்கவும் முடியாது. திரையில் செங்கமலத்தின் முகம் அப்படியே நின்றிருந்தது.

“நாளைக்குக் காட்சின்னியே. வாய் இதோ இருக்கு. வார்த்தை போடு.”

இளம் வயதில் இதே அறையில் இப்படித்தான் உட்கார வைப்பார். பரஞ்சோதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அம்மாள் காட்சியைத் திரும்ப ஓடவிட்டார்.

“பரவாயில்லை, எழுந்திருங்க.”

“முதல் எழுத்துலயே மூடிட்டியே.”

“உங்களை நம்பினேன்.”

“ம்பி. மூடிட்டே.”

“நடந்ததெல்லாம் போகட்டும்.”

“எத்தனை தடவைப்பா வாயை மூடுவே! அந்தப் பொண்ணு மூச்சாவது விட வேண்டாமா?”

பரஞ்சோதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பொறுமை, மானம், பத்தினி என்று பேனா பழகிய சொற்களெல்லாம் வரிசையாக வந்தன. வந்த வேகத்தில் உதடு ஒட்டித் திரும்பிப் போயின. அவர் நெற்றியைத் தேய்த்தார். எழுந்து நடந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

திடீரென்று தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“போடுங்கம்மா, போடுங்க!”

அம்மாள் ஓடவிட்டார். செங்கமலத்தின் உதடு அசைய, கூடவே பரஞ்சோதி சொன்னார்.

“இங்கேயே காத்திருந்தேன்.”

ஆரம்பமும் முடிவும் அச்சாகப் பொருந்தின. ஓர் உதடுகூட ஒட்டவில்லை. இன்னொரு முறை ஓட்டினார்கள். இன்னும் நன்றாகப் பொருந்தியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“கிடைச்சிடுச்சும்மா. இதுதான். இதைத்தான் சொல்லியிருப்பாங்க.”

தனக்கோடி அம்மாள் குறுக்கெழுத்தைத் திரும்ப மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“வாய்க்குச் சரியா இருக்கில்லையாம்மா?”

“வாய்க்குச் சரி.”

“அப்புறம் என்ன?”

“இது அவன் காதால கேக்க ஆசைப்பட்டு வந்ததுப்பா” என்றார் அம்மாள். “அவ சொல்ல நின்னது எது?”