வலக்காலில் ஒன்று, இடக்காலில் ஒன்று

பனிமலையில் சறுக்கக் கற்றுக்கொடுக்கும் சூசையம்மாளிடம் சீடராகச் சேர வந்தபோது மாசிலாமணிக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. மூன்று ஜோடி சறுக்குப் பலகைகளைத் தோளில் சுமந்துகொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தவரைப் பார்த்து, விற்க வந்த ஆள் என்றுதான் மலையில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

சூசையம்மாளுக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். ராணுவ மருத்துவமனைக்கு நர்ஸாக வந்தவர், வேலையை விட்ட பிறகும் ஊர் திரும்பாமல் பனியிலேயே தங்கிவிட்டார். மலையில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

மாசிலாமணி கோயம்புத்தூரில் பம்பு செய்யும் பட்டறை வைத்திருப்பவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். வெண்டைக்காய் வாங்கும்போது எல்லோரும் நுனியை உடைத்துப் பார்ப்பார்கள். இவர் உடைத்த பிறகும் யோசிப்பார்.

அவர் கொண்டுவந்த மூன்று ஜோடியும் பெரிய கம்பெனிச் சரக்கு அல்ல. ஐரோப்பாவில் சின்னச் சின்னப் பட்டறைகளில் கையால் செய்தவை. ஒன்று, ஒரு தகப்பனும் மகளும் சேர்ந்து செய்வது. உள்ளே உலோகத் தகடு வைத்தது, கனம், லேசில் அசையாது. இன்னொன்று, படகு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் தொழில் மாறிச் செய்வது. கார்பன் இழை போட்டது, ஒரு கையால் தூக்கிவிடலாம். மூன்றாவதைச் செய்பவர் தன் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து செய்து, ஒவ்வொரு பலகையிலும் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். மூக்கு நன்றாக நிமிர்ந்த பலகை அது, சொன்னபடி திரும்பும்.

அகலத்தில் மூன்றுமே நடுத்தரம். குறுகலான பலகை இறுகிய பனியைக் கடித்து நிற்கும், புதுப்பனியில் புதைந்துபோகும். அகலமானது புதுப்பனியில் மிதக்கும், இறுகிய பனியில் வழுக்கிவிடும். நடுத்தரம் இரண்டையும் சமாளிக்கும் என்பார்கள். இரண்டையும் அரைகுறையாகத்தான் சமாளிக்கும் என்று சொல்பவர்களும் உண்டு.

கார்பன் இழை போட்ட அந்த லேசான ஜோடி புதிதல்ல. போன மார்கழியில், மாசிலாமணியும் தம்பியும் சறுக்கப் போன வேறொரு மலையில், அதை மாட்டிக்கொண்டு இறங்கிய தம்பி இறுகிய பனியில் வழுக்கிப் பாறையில் மோதி இறந்துபோனார். பலகைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் மாசிலாமணி. தம்பிக்கு முழங்கால் வலி, கனமானது தாங்காது என்று மூன்றையும் மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்து எடுத்த முடிவு அது. தம்பி எதையும் ஒப்பிடவில்லை. அண்ணன் கொடுத்ததை மாட்டிக்கொண்டார்.

வந்த அன்றே மாசிலாமணி கேட்டுவிட்டார்.

"கனமானதைக் குடுத்திருந்தா பொழைச்சிருப்பானுங்களா சிஸ்டர்?"

சூசையம்மாள் மூன்று ஜோடியையும் ஒருமுறை பார்த்தார். காலையில் சரிவுக்கு வரச் சொன்னார்.

அன்றிலிருந்து அதே வேலையாகக் கிடந்தார் மாசிலாமணி. ஒரே சரிவில் ஒவ்வொரு ஜோடியாக மாட்டிக்கொண்டு இறங்குவார், ஏறுவார், மறுபடி இறங்குவார். சாயங்காலம் டீக்கடையில் யார் கிடைத்தாலும் பிடித்து உட்கார வைத்து, எந்தப் பலகை எந்த மரம், யார் செய்தது, எங்கே வளையும், எங்கே வளையாது என்று விடாமல் பேசுவார். கேட்டவர்கள் அவருக்குப் பலகைப் பைத்தியம் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். வீட்டிலிருந்து போன் வந்தால் இன்னும் கொஞ்ச நாள் என்பார். தம்பி மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவர் இங்கே வந்து கிடக்கிறார் என்பது சூசையம்மாளுக்குப் போகப் போகத் தெரிந்தது. பாவமாகத்தான் இருந்தது.

ஒருநாள் மாசிலாமணி நேராகக் குருவிடம் வந்து நின்றார்.

"முடிவு தெரிஞ்சு போச்சுங்க. லேசானது இறுகின பனியில நிக்கலை. கனமானது நின்னுச்சு. அவனைக் கொன்னது நான்தானுங்க."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. பார்க்கச் சகிக்காத நிம்மதி.

எதை எப்போது மாட்டினீர்கள் என்று சூசையம்மாள் விசாரித்தார். தினமும் லேசானதைத்தான் முதலில் மாட்டினேன், கை தானாக அதற்குத்தான் போகிறது என்றார் மாசிலாமணி. கனமானதன் முறை வருவதற்குள் வெயில் ஏறியிருக்கும்.

விடியலில் அந்தச் சரிவு சிமென்ட் தரை மாதிரி இருக்கும். வெயில் பட்டால் ஈரச் சர்க்கரை. ஒரு பம்பை ஒரு கிணற்றிலும் இன்னொன்றை வேறொரு கிணற்றிலும் போட்டுப் பார்த்து எது நல்லது என்று சொல்லும் ஆளை மாசிலாமணி பட்டறையை விட்டே விரட்டியிருப்பார். அந்த மனிதர்தான் இந்தத் தப்பைத் தினமும் செய்திருக்கிறார்.

அவர் முகம் கறுத்துப்போனது. சூசையம்மாள் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை.

"நாளைக்கு ரெண்டையும் ஒண்ணாப் பாத்துருவோம் அண்ணாச்சி. வலது காலுல கனமானதைப் போடுங்க. இடதுல லேசானது."

மறுநாள் வெயில் வருவதற்கு முன்பே மூன்று ஜோடியோடும் சரிவின் உச்சியில் நின்றார்கள். காலுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு மாசிலாமணி இறங்கினார். வலது கால் பனியைப் பிடித்து நின்றது. இடது கால் வழுக்கி விலகி விலகிப் போனது. எப்படியோ கீழே போய் நின்று, மேலே இருந்த குருவைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் சொன்னது சரிதானுங்களே?"

"ஏறி வாங்க. மாத்திப் போடுங்க."

ஏறி வந்தார். மாற்றிப் போட்டார். இப்போது வலது காலில் லேசானது, தம்பியினுடையது. இடது காலில் கனமானது.

பாதிச் சரிவில் இடது கால் வழுக்கியது. உலோகத் தகடு வைத்த, அசையவே அசையாத அந்தப் பலகை அவரை இழுத்துக்கொண்டு போய்க் குப்புறத் தள்ளியது. வலது காலில் இருந்தது கடைசி வரை நன்றாகத்தான் நின்றது.

சூசையம்மாள் மூன்றாவது ஜோடியையும் கையில் எடுத்துக்கொண்டு மெல்ல இறங்கி வந்தார். அதைப் பனியில் வைத்துவிட்டு அவரைப் பிடித்து உட்கார வைத்தார். எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று தொட்டுப் பார்த்துச் சொன்னார். இடது காலை அவர் எப்போதும் பயந்து பயந்துதான் ஊன்றுகிறார் என்பதையும் சொன்னார்.

மாசிலாமணி மீசையில் ஒட்டிய பனியைக்கூடத் துடைக்கவில்லை.

"அப்ப பலகையில தப்பு இல்லீங்களா?"

"தெரியாது அண்ணாச்சி."

"என் மேல தப்பு இல்லைங்கறீங்களா?"

"அதுவும் எனக்குத் தெரியாது."

மாசிலாமணிக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளில் குருவின் மேல் வந்த முதல் கோபம்.

"தப்பு என்னுதுன்னு தெரிஞ்சாக்கூடப் பரவால்லீங்க. நேராப் போயி அவன் சம்சாரத்து கால்ல விழுந்திருவேன். ஒண்ணுமே தெரியலைன்னா நான் என்னன்னு போயி அந்த வாசல்ல நிக்கறது?"

சூசையம்மாள் நிமிர்ந்து மேலே பார்த்தார். மலை உச்சியில் வெயில் பட ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பனி இளகிவிடும்.

மாசிலாமணிக்கும் அந்த நினைப்பு வந்திருக்க வேண்டும். அவசர அவசரமாகக் காலில் இருந்தவற்றைக் கழற்றினார். தவழ்ந்து போய், கையெழுத்துப் போட்ட ஜோடியைப் பக்கத்தில் இழுத்தார்.

"இது மட்டும் பாக்கி இருக்குதுங்க. வெயில் வாரதுக்குள்ள இதையும் ஒருக்கா பாத்துப்போடலாங்க சிஸ்டர்."

சூசையம்மாள் அந்தப் பலகையின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"இந்த மூணையும் செஞ்சவங்க பேரு இப்ப எனக்கு மனப்பாடம். டீக்கடையில இருக்கவங்களுக்கும் மனப்பாடம். தம்பி பேரை மட்டும் நீங்க இன்னும் யாருகிட்டயும் சொல்லல. அவரு பேரு என்ன அண்ணாச்சி?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். தம்பி விழுந்த அந்த மலையில் பாறைக்கு மேலே நின்று தொண்டை கிழியக் கூப்பிட்ட பிறகு, அந்தப் பெயரை அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.