நகம் அளவு மாப்பிள்ளை

தென்காசியில் பந்தல் வாடகைக்கு விடுகிற அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவர் வைத்திலிங்கம், அடுத்தவன் தர்மராசு, கடைசி கோமதிநாயகம். சுற்றுவட்டாரத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் இவர்கள்தான் பந்தக்கால் நடுவார்கள். ஆனால் முப்பத்தேழு வயதாகியும் வைத்திலிங்கத்துக்கு ஒரு பெண் அமையவில்லை. மூத்தவருக்கு ஆகாமல் தம்பிகளுக்கு ஆகாது. அதனால் மூன்று பேரும் ஒரே கவலையைப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள்.

பெண் அமைய வேண்டும் என்று போன வாரம்தான் வைத்திலிங்கம் திருச்செந்தூர் போய் மொட்டை போட்டுவிட்டு வந்திருந்தார். முருகன் உடனே கேட்டுவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

பகல் ஒரு மணிக்குத் தரகர் இலஞ்சியப்பன் மூச்சு வாங்க வந்தார். "சுரண்டையில ஒரு பொண்ணு. டீச்சர். எல்லாம் பொருந்தியிருக்கு. மாப்பிள்ளை போட்டோவை இன்னைக்கே பாக்கணுங்காவ. நான் நாலரை மணி பஸ்ஸுக்குப் போறேன். அதுக்குள்ள ஒண்ணு எடுத்து வைங்க. தலையில முடி இருக்கணும்."

வைத்திலிங்கம் தலையைத் தடவிப் பார்த்தார். நாலரைக்குள் வளரும் என்று தோன்றவில்லை.

"கவலைப்படாதீங்க அண்ணே. போன வருசம் அத்தான் கல்யாணத்துல நீங்க பட்டுச்சட்டை போட்டு நின்னீங்கள்லா? நாலாயிரம் போட்டோவும் கம்ப்யூட்டர்ல கெடக்கு" என்றான் தர்மராசு.

கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். நாலாயிரம் படமும் வரிசையாக நின்றது. ஆனால் ஒன்றில்கூட மனுசன் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே சின்னப் பொம்மைதான். ஒரு மலை, மேலே ஒரு சூரியன்.

வைத்திலிங்கம் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். "என்னடே இது? கல்யாணத்துக்கு வந்தவங்க எல்லாரும் எங்க?"

"சாப்பிட்டுட்டுக் கிளம்பிட்டாங்க போல" என்றான் கோமதிநாயகம்.

தர்மராசு திரைக்கு மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்தான். "அண்ணே, இந்த மலை மொட்டையா இருக்கு. இது நீங்களா இருக்கலாம்."

"அது மொட்டை போடுறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோல்லா?" என்றார் வைத்திலிங்கம். வாதம் சரியாக இருந்ததால் தர்மராசு விட்டுவிட்டான்.

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் சித்தப்பா மகள் உலகம்மைக்குப் போன் போட்டார்கள். அவள் கேட்டுவிட்டு, "ஒண்ணுமில்ல அண்ணே, தம்ப்நெயில் காணாமப் போயிருக்கு. நான் மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள்.

தர்மராசு பத்தாவது வரை படித்தவன். வீட்டில் இங்கிலீஷ் அவன் பொறுப்பு. "தம்ப்னா கட்டைவிரல். நெயில்னா நகம். கட்டைவிரல் நகம் காணாமப் போயிருக்கு."

தம்பிகள் இரண்டு பேரும் மெல்லத் திரும்பி வைத்திலிங்கத்தின் கையைப் பார்த்தார்கள். வைத்திலிங்கமும் பார்த்தார். அன்று காலையில்தான் பத்து விரலிலும் நகம் வெட்டியிருந்தார்.

"நாந்தான் கெடுத்தேன்" என்று அவர் முணுமுணுத்தார்.

கோமதிநாயகம் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து, வெங்காயத் தோலுக்கு நடுவே கால் மணி நேரம் தேடி, ஏழு துண்டு கண்டெடுத்தான். அதில் எது கட்டைவிரல் என்று ஒரு விவாதம். வைத்திலிங்கம் ஒவ்வொன்றையும் விரலில் பொருத்திப் பார்த்துக் கட்டைவிரலுடையதை அடையாளம் சொன்னார். அதைச் சோற்றுப் பருக்கையால் திரையில் ஒட்டினார்கள். மூன்று பேரும் கை கட்டி நின்றார்கள். மலை அப்படியே இருந்தது. ஒரு சூரியன் மட்டும் மறைந்தது.

மறுபடி போன்.

"அந்த விண்டோவை மூடிட்டுத் திறந்து பாத்தீங்களா?" என்றாள் உலகம்மை.

"எந்த விண்டோ?"

"திறந்திருக்கறது எல்லாத்தையும் மூடுங்க. அப்புறம் திறங்க." வைத்துவிட்டாள்.

வீட்டில் ஒன்பது ஜன்னல். எல்லாவற்றையும் மூடினார்கள். பிறகு திறந்தார்கள். அடுப்படி ஜன்னல் பதினோரு வருசமாகத் திறந்தபடியே கிடந்தது. மூடியபோது கதவு கையோடு வந்துவிட்டது. கோமதிநாயகம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது மூடினதா, திறந்ததா?" என்று கேட்டான். கதவைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

மூன்றாவது தடவை உலகம்மையின் குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. "அண்ணே, நல்லா கேளுங்க. 'எப்பவும் ஐகான் மட்டும் காட்டு'ன்னு ஒரு வரி இருக்கும். அதுல டிக் இருக்கும். அந்த டிக்கை எடுத்துடுங்க. அவ்வளவுதான், சரியாயிடும்."

மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுத்தார்கள். டிக் எங்கே இருக்கிறது?

டிக், டிக், டிக், டிக்.

"சுவத்துல இருக்குண்ணே!" என்றான் கோமதிநாயகம்.

வைத்திலிங்கம் ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்தின் பேட்டரியை உருவினார். டிக் போய்விட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கம்ப்யூட்டர் வேலையைத் தானே செய்த பெருமை அவர் முகத்தில் தெரிந்தது. அப்படியே மணியையும் பார்த்தார். இரண்டு நாற்பது.

"நேரம் நிறைய கெடக்கு. சாப்பிடுவோம்" என்றார்.

சாப்பிட்டார்கள். பார்த்தார்கள், இரண்டு நாற்பது. கொஞ்சம் கண் அசந்தார்கள். எழுந்து பார்த்தார்கள், இரண்டு நாற்பது. "நல்ல காரியம்னா நேரமும் நமக்காக நிக்குது பாத்தியா" என்று வைத்திலிங்கம் உருகினார்.

தரகர் வந்து கத்தினார். "மணி நாலே கால்! பஸ் போகப் போகுது, போட்டோ எங்க?"

"அவசரப்படாதீய. இப்பத்தான் ரெண்டு நாப்பது" என்று சுவரைக் காட்டினார் வைத்திலிங்கம்.

தரகர் சுவரைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன்றரை மணி நேரம் வேகமா ஓடுது, சனியன்" என்று அதைத் திருகி இரண்டு நாற்பதுக்கு வைத்துவிட்டு, ஒரு காபி கேட்டு உட்கார்ந்தார். தெருவில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போனார்கள். "இந்தக் காலத்துல ரொம்ப சீக்கிரம் விடுறாங்க" என்றார் தரகர்.

வெளிச்சம் குறைந்து விளக்கு போட்ட பிறகுதான் வைத்திலிங்கத்துக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு நாற்பதுக்கு இவ்வளவு இருட்டாது. பஸ் போயிருக்கும். சுரண்டை போயிருக்கும். டீச்சர் போயிருப்பாள். அவர் மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரம் உலகம்மையே கூப்பிட்டாள். "நீங்க யாரும் ஒண்ணையும் தொடாதீங்க. நான் இங்கேருந்தே பாக்குறேன். பொண்ணு வீட்டு நம்பரைக் குடுங்க, போட்டோவையும் நானே அனுப்பிடுறேன்." அதோடு திரையில் தெரிந்த ஏதோ ஒரு எண்ணையும் கேட்டு வாங்கினாள். உடனே திரையில் அம்பு தானாக நகர ஆரம்பித்தது.

"மவுஸ் தானா ஓடுது!" என்று கோமதிநாயகம் பாய்ந்து மவுஸை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தான். அது ஓடவில்லை. அம்பு மட்டும் ஓடியது. எங்கேயோ போய் எதையோ ஒரு தட்டுத் தட்டியது.

மலைகள் மறைந்தன. நாலாயிரம் கட்டத்திலும் மனுசர்கள் வந்து நின்றார்கள். நாதஸ்வரக்காரர், பந்திக் கூட்டம், அழுகிற குழந்தை, நடுவே பட்டுச்சட்டையில், தலை நிறைய முடியோடு வைத்திலிங்கம்.

யாரும் சந்தோசப்படவில்லை.

"அண்ணே, இத்தினியூண்டு இருக்கீங்களே" என்றான் தர்மராசு.

வைத்திலிங்கம் கிட்டே வந்து பார்த்தார். சரியாகக் கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தார். "இதைப் பாத்தா எவ கட்டிக்குவா?" என்றார்.

"அதுமேல ரெண்டு தட்டு தட்டினா பெரிசாயிடும் அண்ணே" என்றாள் உலகம்மை.

தர்மராசு அண்ணன் தலையில் இரண்டு தட்டு தட்டினான். ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் கிடந்த டம்ளரால் தட்டினான்.

"அண்ணே! பெரிசாகுது!"

புடைத்துக்கொண்டுதான் வந்தது. ஆனால் அந்த ஒரு இடம் மட்டும்.

கடைசியில் தரகர் யோசனை சொன்னார். "போட்டோவோட ஒரு விவரமும் எழுதிருவோம். நேர்ல மாப்பிள்ளை எத்தனை மடங்கு பெரிசுன்னு." வைத்திலிங்கத்தைத் தரையில் படுக்க வைத்து, கோமதிநாயகம் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை கட்டைவிரல் நகத்தால் அளந்தான். இருநூறு நகம் வந்தது. இரண்டாம் தடவையும் இருநூறு. அவர்கள் ஆயுசில் சரியாகப் போட்ட ஒரே கணக்கு அதுதான்.

உலகம்மை படத்தை அனுப்பிய கையோடு, தரகர் தன் போனிலிருந்து ஒரு செய்தி அனுப்பினார்: 'படத்தில் உள்ளதைவிட மாப்பிள்ளை நேரில் இருநூறு மடங்கு பெரியவர். கவலை வேண்டாம்.'

சுரண்டையில் பெண்ணின் அப்பா அருணாசலவடிவு நிதானமான மனிதர். படத்தைப் போனில் திறந்தார். ஸ்கேலை எடுத்துவந்து மாப்பிள்ளையை அளந்தார். ஐந்து அங்குலம். இருநூறால் பெருக்கினார். அடியாக மாற்றினார். எண்பத்து மூன்று அடி.

வீட்டுக் கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "முகம் லட்சணமா இருக்கு. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க" என்று பதில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வைத்திலிங்கம் புதுச்சட்டையும் தலைப்பாகையுமாகத் தம்பிகளோடும் தரகரோடும் சுரண்டையில் போய் இறங்கினார். பெண் வீட்டின் முன்சுவரை இடித்துத் தள்ளியிருந்தார்கள். ஓடுகளைப் பிரித்து ஓரமாக அடுக்கியிருந்தார்கள். முற்றத்தில் நாலு ஆள் சுமக்கிற ஒரு மாலை கிடந்தது. வாசலில் இருந்த தென்னை உச்சியில், சந்தனக் கிண்ணத்தைப் பல்லில் கடித்தபடி, பெண்ணின் அப்பா தூரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வைத்திலிங்கம் கை கூப்பினார். "மாமா, வணக்கம்! வந்துட்டோம்!"

அருணாசலவடிவு கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே குனிந்து பார்த்தார். பதறிவிட்டார்.

"தம்பி, தம்பி! நடு வழியில நிக்காதீய! மாப்பிள்ளை வர்ற நேரம், தெரியாம மிதிச்சிரப் போறாரு!"

வைத்திலிங்கம் அலறியடித்து ஓரமாக ஒதுங்கினார். தம்பிகளையும் இழுத்து ஓட்டு அடுக்கோரம் நிறுத்தினார். பிறகு நாலு பேரும் அண்ணாந்து, மாப்பிள்ளை எந்தத் திசையிலிருந்து வரப்போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.