பதினோரு ஓட்டைகள்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடம். சொல்லிக்கொடுப்பவர் வேதவல்லி, வயது முப்பத்திரண்டு. அவரிடம் மூன்று வருடமாகக் கற்றுக்கொள்ளும் தண்டபாணிக்கு ஐம்பது. அந்த மூன்று வருடத்தில் வேதவல்லி அவரைப் பார்த்து ஒருமுறைகூட "நல்லாருக்குது" என்று சொன்னதில்லை. நேற்று வந்து சேர்ந்த அந்தோணிக்கு நாலே மாதத்தில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தண்டபாணிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தோணியின் காற்றுத் துப்பாக்கியில் மடக்கு ஸ்டாக் இருந்தது. தோளில் முட்டுக்கொடுக்கும் பின்கட்டையைத்தான் ஸ்டாக் என்பார்கள். சூட்சுமமெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று தண்டபாணி முடிவு கட்டிவிட்டார். அந்தோணி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, அதன் நீளத்தைச் சாண் போட்டு அளந்துகொண்டார். அச்சு அசலாக அதே மாதிரி ஒன்றை வரவழைத்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மாட்டினார். மனைவி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டது காதிலேயே விழவில்லை.

மறுநாள், மாவட்ட அணியில் மிச்சமிருந்த ஒரே இடத்துக்குத் தேர்வு. போட்டி இவர்கள் இருவருக்கும்தான்.

வேதவல்லி புது ஸ்டாக்கைப் பார்த்தார்.

"இது எதுக்குங்ணா?"

"அந்தோணி வெச்சிருக்காருங்களே."

"அவரு ஸ்கூட்டர்ல வர்றாரு. மடக்கிப் பையில போட்டுக்குவாரு. நீங்க கார்லதான வர்றீங்க?"

தண்டபாணி துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு சுடும் இடத்துக்குப் போனார்.

ஆளுக்குப் பத்துக் குண்டு. தண்டபாணிக்கு மூன்றாம் எண் குறி அட்டை, வலப்பக்கத்தில் அந்தோணிக்கு நாலாம் எண். சுட்டு முடித்து அட்டைகளை எடுத்து வந்தார்கள். தண்டபாணியின் அட்டையில் ஒன்பது ஓட்டை. அந்தோணியின் அட்டையில் பதினொன்று. பதினொன்றில் ஒன்று நட்டநடுவில் விழுந்திருந்தது.

"அது என்னோடதுங்க மேடம்!" தண்டபாணி கத்தியே விட்டார்.

"இருக்குமுங்க மேடம். அண்ணனுக்கே போட்டுருங்க" என்றார் அந்தோணி.

அந்தப் பெருந்தன்மையைக் கண்டதும் தண்டபாணிக்கு இன்னும் வயிறு எரிந்தது.

"அடுத்தவங்க அட்டையில சுட்டா, சுட்டவங்களுக்கு சைபருங்ணா. இடம் அந்தோணிக்குத்தான்" என்றார் வேதவல்லி.

"ஸ்டாக்குனால வந்ததுங்க மேடம். வீட்டுல வெச்சு மாட்டுனேனா, கோணிக்கிச்சு போல."

வேதவல்லி காரில் கிடந்த பழைய ஸ்டாக்கை எடுத்துவரச் சொன்னார். புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதைத் தன் கையாலேயே மாட்டினார். மூன்றாம் எண்ணில் புது அட்டை வைத்தார். அந்தோணியை இரண்டாம் எண்ணுக்கு நேராக, சுடும் இடத்தில் போய் நிற்கச் சொன்னார்.

"குண்டு போட வேண்டாங்ணா. கண்ண மூடிக்குங்க. துப்பாக்கியத் தோளுக்கு வாங்குங்க. உடம்புக்கு எது தோதோ அப்படியே நில்லுங்க."

தண்டபாணி கண்ணை மூடினார். அந்தோணியின் செருப்புச் சத்தம் தன் முதுகுக்குப் பின்னால் நடந்து போய் இடப்பக்கம் நிற்பது கேட்டது. மூச்சை இழுத்துவிட்டார்.

"இப்பத் தொறங்க. எந்த அட்டைக்கு நேரா இருக்குது?"

தண்டபாணி குழல் நீட்டிய திசையைப் பார்த்தார். மூன்று வருடம் தோளில் கிடந்த அதே ஸ்டாக்தான். குறை சொல்ல இனி எதுவும் இல்லை.

"ரெண்டுங்க. அந்தோணி நிக்கற எண்ணு" என்றார்.

தண்டபாணி துப்பாக்கியை மெல்ல இறக்கினார்.

"அப்ப என்னோடது எதுங்க மேடம்?"

வேதவல்லி மூன்றாம் எண்ணைக் காட்டினார்.

"அதானுங்ணா. அதுல இன்னும் ஒருத்தரும் சுடல."