சற்குணத்துக்கு ஓர் ஆங்கிலச் சொல்

கோத்தகிரியில் ஒரு பேக்கரியின் மாடியில் ஆங்கிலம் சொல்லித்தந்த ரெபேக்கா டீச்சருக்கு வயது முப்பத்துநான்கு. அவரிடம் படித்தவர்களில் மூத்தவர் கதிரேசன். ஐம்பத்திரண்டு வயது. தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஃபீல்டு ஆபீசர். சனிக்கிழமை மதியம் தவறாமல் வந்து முதல் பெஞ்சில் உட்காருவார்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

“டீச்சர், ஒரு வார்த்தை வேணும். நிலைமையைத் தனக்குச் சாதகமா திருப்பிக்கிற ஆளை இங்கிலீஷ்ல என்ன சொல்வாங்க?”

“நிறைய இருக்கு சார். யாருக்கு?”

“எங்க தோட்டத்துல கொழுந்து பறிக்கிறவ ஒருத்தி. பேரு சற்குணம். அவளைப் பத்தி ஹெட் ஆபீசுக்கு ரிப்போர்ட் எழுதணும். திங்கட்கிழமை காலையில மேனேஜர் மேஜையில இருக்கணும்.”

“என்ன செஞ்சாங்க?”

கதிரேசன் சொன்னார்.

ஐப்பசி மழையில் மலை சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. அரசாங்கத்தில் சாலையும் பாலமும் போடுகிற பெரிய இன்ஜினியர் ஒருவரின் ஜீப் தோட்டத்துக்கு அருகே மாட்டிக்கொண்டது. செல்போனில் சிக்னல் இல்லை. போன் பேசத் தோட்டத்து ஃபேக்டரிக்குத்தான் போக வேண்டும். எதிரே வந்த சற்குணத்திடம் அவர் வழி கேட்டார்.

வழி இரண்டு இருந்தது. ஒன்று மேட்டில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் நல்ல பாதை. இன்னொன்று ஓடையைக் கடந்து, தொழிலாளர்களின் லயன் வீடுகள் வழியாகப் போவது. ஓடை மேல் இரண்டு மரக்கட்டைகள் கிடக்கும். அவ்வளவுதான் பாலம்.

சற்குணம் அவரை ஓடைப் பக்கம் கூட்டிப்போனாள்.

பாதிக் கட்டையில் இன்ஜினியர் நகர முடியாமல் நின்றுவிட்டார். அவள் முன்னால் நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். “பயப்படாம வாங்க சார். எங்க பிள்ளைங்க தினம் இப்படித்தான் பள்ளிக்கூடம் போகுது. மாசமா இருக்கிறவளையும் இது மேலதான் தூக்கிட்டுப் போறோம்” என்றாள்.

அக்கரை சேர்ந்த இன்ஜினியர் கொஞ்ச நேரம் திரும்பி ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டே மாதத்தில் இரும்புப் பாலத்துக்கு உத்தரவு வந்தது. கூடவே தோட்டத்துக்கு ஒரு கடிதமும் வந்தது: இத்தனை வருஷமாக இங்கே பாலம் வேண்டுமென்று ஒரு விண்ணப்பம்கூட எங்களுக்கு வரவில்லையே, ஏன்?

ஹெட் ஆபீஸ் தோட்டத்து மேனேஜரிடம் விளக்கம் கேட்டது. மேனேஜர் கதிரேசனைக் கூப்பிட்டார்.

“நல்ல பாதை இருக்கும்போது அதிகாரியை வேணும்னே ஓடையில இறக்கியிருக்கா, டீச்சர். தோட்டத்துப் பேரைக் கெடுத்துட்டா. அப்படித்தான் எழுதச் சொல்லியிருக்காரு.”

“எழுதினா அவங்களுக்கு என்ன ஆகும்?”

“வேலை போகும்.”

“வீடு?”

“வேலை போனா லயன் வீடும் போகும்.”

டீச்சர் சாக்பீஸை எடுத்தார். போர்டில் நான்கு சொற்களை எழுதி ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார்.

“ஆப்பர்ச்சூனிஸ்ட். நியாயம் பார்க்காம நேரம் பார்க்கிற ஆள். ஸ்கீமர். உள்ளுக்குள்ள திட்டம் போட்டு நடத்துற ஆள். ஷ்ரூட்னா கண்ணு கூர்மை. ரிசோர்ஸ்ஃபுல்னா கையில ஒண்ணும் இல்லாதப்பவும் வழி பண்ணிக்கிறது. நாலு பேரும் ஒரே வேலையைத்தான் செய்வாங்க சார்.”

“முதல் வார்த்தை போதும்.” கதிரேசன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

“எடுத்துக்குங்க. ஆனா ரிப்போர்ட்ல எழுதறதுக்கு முன்னால அவங்ககிட்டயே போய் அந்த வார்த்தைக்குத் தமிழ்ல அர்த்தம் சொல்லுங்க.”

“எதுக்கு டீச்சர்?”

“ஒரு வார்த்தையை ஒரு ஆள் முகத்தைப் பார்த்துச் சொல்ற வரைக்கும் அது நமக்கு வந்துடுச்சுன்னு அர்த்தமில்ல. வகுப்புல எல்லாருக்கும் சொல்றதுதானே?”

ஞாயிற்றுக்கிழமை காலை கதிரேசன் லயனுக்குப் புறப்பட்டார். பாலத்துக்குத் தூண் மட்டும்தான் எழும்பியிருந்தது. இருபது வருஷமாக அவர் ஓடைக்கு இந்தப் பக்கம் நின்றே ஆட்களைக் கூப்பிட்டு அனுப்புவார். அன்றுதான் முதன்முதலாகக் கட்டை மேல் கால் வைத்தார். பாதியில் நின்றுவிட்டார். கீழே தண்ணீர் பெரிதாக ஒன்றும் ஓடவில்லை. ஆனாலும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்துதான் அக்கரை சேர முடிந்தது.

சற்குணம் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நிறைமாத மருமகள் உள்ளேயிருந்து எட்டிப்பார்த்தாள்.

கதிரேசன் நோட்டைத் திறந்து அந்தச் சொல்லைப் படித்தார். அர்த்தத்தையும் சொன்னார்.

சற்குணம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“ஆமாங்க சார், செஞ்சேன். போன வருஷம் மூத்த மருமகளை இந்தக் கட்டை மேலதான் தூக்கிட்டுப் போனோம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள பிள்ளை போயிடுச்சு. இப்ப இவ மாசமா இருக்கா. பாலம் போடற மனுஷனே வந்து எங்கிட்ட வழி கேட்கிறாரு. அப்படி ஒரு நேரம் என் ஆயுசுல இன்னொரு வாட்டி வருங்களா?”

“நல்ல பாதை இருந்துச்சே.”

“அதுல கூட்டிட்டுப் போயிருந்தா ஒரு டீ குடிச்சிட்டுப் போயிருப்பாரு.”

கதிரேசனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். கையில் ஒன்றுமில்லாத ஒருத்தி, மழையையும் மண்சரிவையும் இரண்டு மரக்கட்டைகளையும் வைத்துக்கொண்டு ஒரு பாலத்தைக் கட்டிவிட்டாள் என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

“நீங்க என்ன வேணா எழுதிக்குங்க சார்” என்றாள் சற்குணம். கோபமில்லாமல்தான் சொன்னாள். “பாலம் கேட்டு ஒன்பது வாட்டி உங்க கையில மனு கொடுத்தோம். எனக்கு ஒரு வாட்டிதான் நேரம் வந்துச்சு. உங்களுக்கு ஒன்பது வாட்டி வந்துச்சு.”

பிறகு அவருக்கு வரக்காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்தார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். சற்குணத்தின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாசி மாதம் அவள் மருமகள், பிறந்த பெண் குழந்தையோடு புதுப் பாலத்தின் வழியாகவே வீட்டுக்கு வந்தாள். கதிரேசனைத்தான் தூரத்துத் தோட்டம் ஒன்றுக்கு மாற்றினார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் நடக்குமென்று யாருக்கும் தெரியாது.

அவர் வீட்டுக்குப் போகாமல் கோத்தகிரிக்கு பஸ் ஏறினார். சர்ச்சிலிருந்து திரும்பிய டீச்சர் மாடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். போர்டில் நான்கு சொற்களும் அழியாமல் இருந்தன.

“சொன்னீங்களா சார்?”

“சொன்னேன். செஞ்சேன்னு ஒத்துக்கிட்டாங்க.” போர்டைப் பார்த்து, “நாலு வார்த்தையும் அவங்களுக்குப் பொருந்துது, டீச்சர். எந்த வார்த்தையைப் போட்டாலும் அவங்க குறையல” என்றார்.

டீச்சர் தலையசைத்தார்.

“அந்த ஒன்பது மனுவும் என் டிராயர்லதான் இருக்கு. மேல அனுப்பினா மேனேஜர் சலிச்சுக்குவாருன்னு வெச்சிருந்தேன்.” கதிரேசன் ரிப்போர்ட்டுக்காக வாங்கிய வெள்ளைத்தாளை மேஜையில் வைத்தார். “இன்னொரு வார்த்தை வேணும் டீச்சர். ஒன்பது தடவை நேரம் வந்தும் விட்டவனுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு?”

டீச்சர் பேனாவை எடுத்து அந்தத் தாளின் மேல் வைத்தார்.

“அதை அப்புறம் தேடிக்கலாம் சார். இது பத்தாவது.”