மணி அடித்த எண்

களக்காட்டு மலையடிவாரத்தில் ஒரு சிறிய மடம் இருந்தது. அதை நடத்தி வந்தவர் சிவஞானத்தம்மாள். ஐம்பது வயதுதான். ஆனால் கிழவர்கள்கூட அவரை அம்மா என்றுதான் அழைப்பார்கள்.

அவருடைய சீடர்களில் அம்பலவாணன் எல்லோருக்கும் மூத்தவர். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மடத்துக்கு வந்தார். குருவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். பொய் சொல்வதில்லை என்று விரதம் எடுத்திருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மடத்துக்கு ஒருவர் பட்டன் போன் ஒன்று வாங்கிக் கொடுத்தார். புது சிம் போட்டது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அம்பலவாணனுக்கு வந்தது.

ஒருநாள் மதியம் அவர் போனும் கையுமாகக் குருவிடம் வந்தார்.

"அம்மா, தினமும் ஒரு ஆச்சி கூப்பிடுதாங்க. ராங் நம்பர்னு சொன்னாலும் விடல. தியானத்துல உக்காந்தா அந்தக் குரல்தான் கேக்குது. அந்த நம்பரை பிளாக் பண்ணிரலாமா?"

"அப்படின்னா?"

"அவங்க கூப்பிட்டா இங்க மணி அடிக்காது."

"அங்க?"

"பிஸின்னு சொல்லும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

குரு போனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவர் அதுவரை போனைத் தொட்டதில்லை.

"பேசணும்னா எதை அமுக்கணும்?"

"இந்தப் பச்சை."

"வைக்கணும்னா?"

"சிவப்பு."

"பக்கத்துல இருக்கவங்களுக்கும் கேக்கணும்னா?"

அம்பலவாணன் அந்தப் பட்டனையும் காட்டினார். குரு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலப் பூசைக்கு முன்னால் அது அடித்தது. குரு பச்சையை அமுக்கினார். பக்கத்தில் இருந்த அம்பலவாணனுக்கும் கேட்கும்படி மற்ற பட்டனையும் அமுக்கினார்.

"களஞ்சியம்..." என்றது ஒரு கிழக்குரல். "சாப்பிட்டியாப்பா?"

"களஞ்சியம் இங்க இல்லம்மா. இது ஒரு மடம்" என்றார் குரு.

"தெரியும் தாயீ. சாமி தினமும் சொல்றாரு."

"களஞ்சியம் யாரு?"

"எம் மகன். இது அவன் நம்பரு."

"அவரு எங்க இருக்காரு?"



"போன ஆடியில கடலுக்குப் போனான். வள்ளம் மட்டும் கரைக்கு வந்துச்சு. போனும் அவனோட போயிருச்சு. நம்பரு மட்டும் எங்கிட்ட இருக்கு. எப்பக் கூப்பிட்டாலும் ஸ்விச் ஆப்புன்னு ஒரு பொம்பளை சொல்லுவா. அதையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒருநா பாத்தா, மணி அடிச்சுச்சு."

குரு போனை இன்னும் கிட்டப் பிடித்தார்.

"ரீசார்ஜ் பண்ணாம விட்டா நம்பரை வேற ஆளுக்குக் கொடுத்திருவாங்கன்னு கடைக்காரத் தம்பி சொல்லிட்டான். எனக்குப் புத்தி பேதலிக்கல தாயீ. வீட்டுல நானும் மருமக வேணியும்தான். அவன் பேரை எடுத்தா அவ எந்திரிச்சுப் போயிருவா. அவளைக் குத்தம் சொல்லல. சின்ன வயசு. ஆனா நான் அவன் பேரை எங்கயாவது சொல்லணும்ல?"

"சொல்லுங்க."

"பக்கத்துல அந்தச் சாமி இருக்காரா?"

"இருக்காரு."

"ஒரே ஒரு தடவை என்னைய அம்மான்னு கூப்பிடச் சொல்லுங்க. அப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன்."

குரு போனை அம்பலவாணன் பக்கம் நீட்டினார். அவருடைய உதடு அசைந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டார். போனில் கோழி கொக்கரிக்கும் சத்தமும் யாரோ பாத்திரம் கழுவும் சத்தமும் கேட்டன.

"வேலையா இருப்பாரு" என்றாள் கிழவி. "நாளைக்குக் கூப்பிடுறேன்."

போன் நின்றது.

"அவங்க கேட்டாங்களே" என்றார் குரு.

"நான் அவங்க மகன் இல்லையேம்மா. எப்படிச் சொல்லுவேன்? பொய்யாயிருமே."

"என்னை இப்ப எப்படிக் கூப்பிட்டீங்க?"

"அம்மான்னு."

"நானா உங்களைப் பெத்தேன்?"

குரு பூசைக்கு எழுந்து போனார்.

மறுநாள் அம்பலவாணன் போனை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தார். கிணற்றடிக்குப் போனபோதும் கொண்டு போனார். அது அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் அடிக்கவில்லை. தானே கூப்பிடலாம் என்று எண்ணை அமுக்கினார். ரீசார்ஜ் முடிந்துவிட்டது என்றது போன். யாராவது கூப்பிட்டால் பேசலாம். இங்கிருந்து கூப்பிட முடியாது.

மழை பிடித்திருந்தது. காட்டாற்றில் தண்ணீர் வந்துவிட்டதால் மடத்துப் பக்கம் பஸ் வரவில்லை. அம்பலவாணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே களக்காட்டுக்குப் போனார். போகும் வழியெல்லாம் வாய்க்குள் அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். அவருடைய அம்மா செத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

கடையில் ரீசார்ஜ் செய்துகொண்டு, வெளியே தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்று எண்ணைப் போட்டார். நெடுநேரம் மணி அடித்தது. நிற்கப் போகும் சமயத்தில் எடுத்தார்கள்.

"அம்மா" என்றார் அம்பலவாணன்.

மழைச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று குரலை உயர்த்தினார்.

"அம்மா, நான்தான் பேசுதேன்."

"யாரு நீங்க?" என்றது ஓர் இளம் பெண்ணின் குரல். "இதுல எங்க வீட்டுக்காரவுக பேரு வருது. யாரு நீங்க?"

அவர் தடுமாறிப்போய்த் தான் யார் என்று சொன்னார். மடம் என்றார். இந்த எண் இப்போது தங்களிடம் இருப்பதைச் சொன்னார். ஆச்சியிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றார்.

"அத்தை தவறிட்டாக. நேத்துத்தான் எடுத்தோம்."

மடத்துக்குத் திரும்பும்போது அவர் முழுக்க நனைந்திருந்தார். தலையைத் துவட்டக்கூட இல்லை. குருவின் முன்னால் வந்து உட்கார்ந்து போனைத் தரையில் வைத்தார். நடந்ததைச் சொன்னார்.

"கேட்டப்போ கொடுக்கல. இப்ப வாய் நிறைய வச்சிக்கிட்டு இருக்கேன். இதை யார்கிட்டம்மா கொண்டுபோய்க் கொடுப்பேன்?"

குரு ஒரு துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"தவறிட்டாகன்னு சொன்ன பெறகு அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"அழுதாளான்னு தெரியல. மூச்சு மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. பெறகு மெதுவா, 'அத்தை உங்ககிட்ட அவுகளப் பத்தி என்ன சொல்லுவாக'ன்னு கேட்டா."

"நீங்க?"

"சிவப்பை அமுக்கிட்டேன்."

வெளியே மழை விட்டிருந்தது. குரு போனை எடுத்து முந்தானையால் ஈரத்தைத் துடைத்தார். பிறகு அவர் கையில் கொடுத்தார்.

"வச்சது நீங்க" என்றார். "அவ இன்னும் வைக்கல."