கல்லை அழவச்ச வெங்காயம்

அந்தக் காலத்துல, அடுப்படிச் சாமானெல்லாம் வாய் ஓயாம பேசிக்கிட்டு இருந்தப்போ, காத்தாயின்னு ஒருத்தி இருந்தா. அவ வாக்கப்பட்ட ஊருல விடிஞ்சா கூழு. மறுநாள் விடிஞ்சா மறுபடியும் கூழு. சேவல்கூட "கொக்கரக்கூழ்"னுதான் கூவுமாம்னா பாத்துக்கங்க.

கம்பு குத்திக் குத்திக் காத்தாயிக்குத் தோள்பட்டையே எறங்கிப்போச்சு. ஒருநாள் அரிசியையும் உளுந்தையும் ஊறவச்சு ஆட்டி, மூடி வச்சா. விடிஞ்சு பாத்தா மாவு பொங்கி, சட்டிக்கு வெளியில எட்டிப் பாக்குது. "என்னைய எதுலயாச்சும் ஊத்து தாயி, சும்மா இருக்க முடியல"ங்குது. அவளும் மலையடிவாரத்துக்குப் போயி ஒரு தட்டைக்கல்லைத் தூக்கிட்டு வந்தா. அடுப்புல ஏத்தி, மாவை ஊத்தி, வட்டமா இழுத்துவிட்டா. வாசம் தெருமுனைக்கே போயிருச்சு. ஆனா தோசை வரல! கல்லு கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. சுரண்டுனா கந்தல் துணி மாதிரி பிஞ்சு பிஞ்சு வருது.

அந்தக் கந்தலைத் தின்ன புருஷன் சடையாண்டிக்கு நாக்கு தரையில நிக்கல. நேரா சந்தைக்குப் போயி, "எங்க வீட்டுல இனிமே கூழு கிடையாதுங்க. நிலா மாதிரி வட்டமா ஒண்ணு சுடுறோம்"னு பீத்திக்கிட்டான். யாருகிட்ட? அவன் அக்கா பேச்சியோட மகளைப் பொண்ணு கேட்டு வரப்போற சம்பந்திகிட்ட!

"அப்ப வெள்ளிக்கிழமை காலையில இலை போட்டு வையுங்க"ன்னுட்டாரு அந்த மீசைக்காரரு.

பேச்சி அதே வீட்டுலதான் இருந்தா. சேதி கேட்டதும் இடுப்புல கைய வச்சுக்கிட்டு வந்துட்டா.

"அடியே காத்தாயி, கிழியாத தோசை ஒண்ணாவது இலையில விழணும். விழலைன்னா கல்லு துணி துவைக்கப் போகும், வீடு கூழுக்குப் போகும், நீ ஆயுசுக்கும் உலக்கையோட குடும்பம் நடத்து."

"சரி மதினி. விழுந்துட்டா?"

"அடுப்படி உன்னது. உள்ள வந்து நான் வாயே தொறக்க மாட்டேன்."

"அதுக்காகவே சுடுறேன் மதினி."

"இன்னொண்ணு. நல்ல காரியம் பேசுற வீட்டுல எவ கண்ணுலயும் ஒரு சொட்டுத் தண்ணி வரக்கூடாது!" சொல்லிக்கிட்டே வெங்காயக் கூடையைத் தூக்கிக் கொல்லையில, எருக்குழி ஓரமா வச்சுட்டா.

"நான் யாரையாச்சும் அடிச்சேனா? பக்கத்துல உக்காந்தேன், அவ்வளவுதானே!"ன்னு ஒரு வெங்காயம் கத்துச்சு. யாரு கேட்டா?

வெள்ளிக்கிழமை. ஏழு பேரு, ஏழு இலை. காத்தாயி கல்லைக் காயவச்சா. முதல்ல நல்லெண்ணெய் இறங்கி, "அண்ணே, உங்க அழகு என்ன, நிறம் என்ன"ன்னு கல்லைக் காக்கா பிடிச்சுச்சு. கல்லு அசையல. எண்ணெய் அசடு வழிஞ்சுக்கிட்டே ஓரமா ஓடிப்போச்சு. முதல் தோசை கந்தல். ரெண்டாவது அதைவிடக் கந்தல். மூணாவதைப் பாத்து அகப்பையே சிரிச்சிருச்சு.

கூடத்துல இருந்து மீசைக்காரரு குரல் குடுத்தாரு: "என்ன மாப்ள, நிலா வருமா, இல்ல இன்னைக்கு அமாவாசையா?"

சடையாண்டி தூணுக்குப் பின்னாடி போயிட்டான். பேச்சி உலக்கையைக் கொண்டாந்து அடுப்படி வாசல்ல சாத்தி வச்சா.

காத்தாயி விறகெடுக்கக் கொல்லைக்குப் போனா. கூடையில இருந்து ஒரு குரல்: "தாயி, என்னைய ரெண்டா வெட்டி அந்தக் கல்லுகிட்ட கொண்டு போ."

"சும்மா கெட. உன்னால எவளாச்சும் கண்ணைக் கசக்குனா பேச்சி என்னைய எருக்குழியில போட்டுருவா."

"நான் ஏற்கெனவே எருக்குழிக்குப் பக்கத்துலதான இருக்கேன்? வா, ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்."

காத்தாயி முந்தானையை மூக்கோட சேத்துக் கட்டுனா. அங்கேயே அருவாமனையில ஒரே வெட்டு. பாதியைக் குடுமியோட பிடிச்சுக்கிட்டு உள்ள வந்தா.

"என்ன மாமா, கோவமா?"ன்னுச்சு வெங்காயம்.

"போடா," கல்லு உறுமுச்சு. "மலையில எங்கூட ஆயிரம் பேரு இருந்தாங்க. இவ என்னைய மட்டும் தூக்கிட்டு வந்துட்டா. இங்க எனக்குன்னு யாரு இருக்கா? மேல வந்து விழுந்ததை நான் ஏன் விடணும்?"

காத்தாயிக்குச் சுருக்குன்னுச்சு. "என்னையும் இப்படித்தான்யா தூக்கிட்டு வந்தாங்க"ன்னா மெதுவா.

"வந்ததுல இருந்து ஒரு தடவையாச்சும் அழுதியா மாமா?"ன்னு கேட்டுச்சு வெங்காயம்.

"கல்லு அழுமா?"

"எங்கிட்ட வர்ற எல்லாரும் முதல்ல அப்படித்தான் பேசுவாங்க."

காத்தாயி வெங்காயத்தைக் கவுத்து, கல்லு மேல ஒரு சுத்து தேய்ச்சா. ரெண்டு சுத்து. மூணாவது சுத்துல கல்லுக்கு நெஞ்சு இளகிப்போச்சு. முத்து முத்தா தண்ணி கல்லு மேல துள்ளி ஓடுது.

"ஐயோ, ஊரு பாக்குமே!"ன்னுச்சு கல்லு.

"சொய்ங்னு சத்தம் போடு மாமா. நீ அழுறேன்னு எவனுக்கும் தெரியாது."

'சொய்ய்ய்ங்!'னு வாய்விட்டு அழுது தீத்துச்சு கல்லு. ஆயிரம் வருஷத்து இறுக்கம் ஆவியாப் போச்சு. காத்தாயி சட்டுன்னு மாவை ஊத்தி இழுத்தா. எண்ணெய் இந்தத் தடவை மரியாதையா நின்னுச்சு. ஓரம் செவக்குது... லேசா எழும்புது... அகப்பை தொடுறதுக்கு முன்னாடியே தோசை தானா நகந்து, "நான் கிளம்பட்டா மாமா?"ன்னு கேட்டுச்சு.

"நல்லா இரு. போயிட்டு வா"ன்னு விட்டுருச்சு கல்லு.

மீசைக்காரரு இலையில விழுந்துச்சு பாருங்க, முழு நிலா! ஒரு ஓட்டை, ஒரு கிழிசல் கிடையாது. மொறுமொறுன்னு அவரு கடிச்ச சத்தத்துல சடையாண்டி தூணை விட்டு வெளிய வந்துட்டான்.

"மாப்ள, நிச்சயத்தை இன்னைக்கே வச்சுக்குவோம்," வாய் நிறைய தோசையோட சொன்னாரு மீசைக்காரரு. "கல்யாணத்துக்கும் இதையே சுடுங்க!"

பதினேழு தோசை தின்னாரு. எந்திரிக்க முடியல, பதினெட்டாவதுக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.

பேச்சி அடுப்படிக்கு வந்தா. ஏதோ சொல்ல வாயைத் தொறந்தா. காத்தாயி சூடா ஒரு தோசையைச் சுருட்டி அந்த வாயில வச்சுட்டா. பேச்சி மென்னா, முழுங்குனா. கொல்லைக்குப் போயி வெங்காயக் கூடையைத் தன் இடுப்புல சுமந்துக்கிட்டு வந்து அடுப்புக்குப் பக்கத்துலயே வச்சா. உலக்கை கோழிக்கூண்டுக்கு முட்டுக் குடுக்கப் போச்சு.

அன்னைக்குப் பிடிச்சுத்தான், எண்ணெயும் மாவும் எவ்வளவு அவசரப்பட்டாலும், தோசைக்கல்லு காஞ்சதும் அரை வெங்காயம் முதல்ல ஏறி ஒரு சுத்து சுத்தி வருது. கல்லும் சொய்ங்னு அழுது முடிச்சிட்டுத்தான் தோசையை விட்டுக் குடுக்குது.