சுவாமி வேட்டியில் ஒரு கறை

பூளையூர்த் தெற்கு வீதியில் வாகை மரத்தடியில் நின்ற தேய்ப்பு வண்டிதான் வடிவாம்பாள் அம்மையாரின் பிழைப்பு. கணவர் போனபின் இருபத்தாறு ஆண்டுகள் அந்த வண்டிக்குப் பின்னால் நின்றே அவர் காலம் கழித்தார். ஆனால் விடிந்ததும் அவர் மூட்டும் முதல் கரி ஊராரின் சட்டைகளுக்காக அல்ல. ஊர்க் கோயிலில் பூளைவனநாதருக்கும் அம்பாளுக்கும் அன்று சாத்த வேண்டிய வஸ்திரங்களை, குளித்த ஈரம் காயுமுன் தேய்த்து முடிப்பார். அதற்கென்று தனி இஸ்திரிப் பெட்டி வைத்திருந்தார். மற்றத் துணிகளுக்கு வாயால் நீர் ஊதுவார்; சுவாமி துணிக்கு வில்வக் கொத்தால் தெளிப்பார். தரையில் படக்கூடாது என்று, முக்காலியில் அமர்ந்து முழங்காலின் மேல் தாங்கி மடிப்பார். கூலி கேட்டதில்லை. சாயரட்சையில் தாம் தேய்த்த மடிப்பு சுவாமி இடையில் நிற்பதைப் பார்த்தால் போதும் அவருக்கு.

அவருடைய இடது காலில், கணுக்காலுக்குச் சற்று மேலே உட்பக்கத்தில், முதலில் அரிப்பு வந்தது. தோல் கறுத்து இறுகியது. மாலையானால் கால் வீங்கிக் கொலுசுத் தழும்புகூட மறைந்துவிடும். ஒருநாள் சொறிந்த இடம் வெடித்துப் புண்ணாயிற்று. இரண்டு ஆண்டுகள் ஆகியும் அது ஆறவில்லை. நீர் கசிந்துகொண்டே இருந்தது.

"சக்கர வியாதிப் புண்ணுதான் அக்கா இது. பெரியாஸ்பத்திரிக்குப் போனீங்கன்னா காலை எடுத்துட்டுத்தான் அனுப்புவாங்க" என்றாள் பக்கத்து வீட்டு மாரியாயி. டீக்கடைச் சடையன் அதைவிடக் கெட்டிக்காரன். "யக்கா, ஊர்ச் சட்டையெல்லாம் நிமித்துறீங்க. அந்தக் கால் மேலயும் ஒருதரம் பெட்டியை ஓட்டிற வேண்டியதுதானே?" என்பான். கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அம்மையாரும் சிரித்துவிட்டுப் புடவையைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்வார். புண்ணின் வாடை தெரியாதிருக்க முந்தானையில் கற்பூரம் முடிந்துகொள்வார். புண்ணில் விபூதியைக் குழைத்து அப்புவார். சுவாமியைத் தொட்ட சாம்பல் ஆற்றாததை வேறு எது ஆற்றும் என்பது அவர் நம்பிக்கை.

புண்ணும் சீழும் உள்ளவர்கள் கோயில் காரியத்துக்கு ஆகாது என்பதை அவர் அறிவார். அதனால்தான் யாரிடமும் காட்டவில்லை. சொன்னால் சுவாமி துணி கைவிட்டுப் போய்விடும். அந்த ஒரு பயம் மற்ற எல்லா வலியையும் சிறிதாக்கியது.

ஒரு பிரதோஷத்தன்று சபேச குருக்கள் உற்சவருக்கு அலங்காரம் முடித்துத் திரையை விலக்கினார். தீபம் மேலிருந்து கீழே இறங்கி வந்தது. வெள்ளை வேட்டியில், திருவடிக்குச் சற்று மேலே, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மஞ்சள் கறை. அம்மையாருக்கு உடனே புரிந்துவிட்டது. மடிக்கும்போது பட்டிருக்கிறது. தம் காலின் ஊன்நீரை உடுத்திக்கொண்டு இறைவன் ஊருக்கு முன்னால் நிற்கிறார். கூட்டம் கைகூப்பியது. ஒருவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. "நிறுத்துங்க சாமி" என்று சொல்ல நினைத்தவர், கூட்டத்தோடு தாமும் கைகூப்பிவிட்டார்.

அன்று அவர் சாப்பிடவில்லை. சுவாமி மேல் வைத்த அன்பினால் வாய் மூடியிருந்தேனா, அந்த வேலை மேல் வைத்த ஆசையினாலா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். வந்த விடையை அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார். கால் போனாலும் சரி, இன்னொரு கறை படக்கூடாது என்பதே எண்ணம். அங்கே கட்டுப் போடும் அறையில் இருந்தவர் அமலோற்பவம் சிஸ்டர். அவர் மூக்கைப் பொத்தவில்லை. சர்க்கரை பார்த்தார், இல்லை. பாதத்தில் விரல் வைத்து நாடி பார்த்தார். கையிலும் கணுக்காலிலும் பட்டை சுற்றி அழுத்தம் பார்த்தார். மருத்துவரும் வந்து நரம்புகளைத் தடவிப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

"காலெல்லாம் எடுக்க வேண்டாம்மா. ரத்தம் கீழ நல்லாத்தான் இறங்குது. மேல ஏறத்தான் மாட்டேங்குது. ஒரே இடத்துல நின்னு நின்னு, மேல ஏத்திவிடற வால்வு கெட்டுப்போச்சு. ஊறுன கால்ல புண்ணு எப்படி ஆறும்?"

"விபூதி போட்டேன் சிஸ்டர்."

"அது நெத்திக்கு. இதுக்குச் சுத்தமான தண்ணியும் இறுக்கமான கட்டும்தான்."

புண்ணைக் கழுவி, விரல்களின் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை பஞ்சும் துணியும் அடுக்கடுக்காக இறுக்கிச் சுற்றினார். ஒரு வாரம் அவிழ்க்கக் கூடாது; நடக்கலாம், நிற்கக் கூடாது; படுத்தால் கால் நெஞ்சுக்கு மேலே இருக்க வேண்டும் என்றார். முடிவில், கட்டின் விளிம்புகளைச் சேர்த்து நீல மையால் நீளமாக ஒரு கோடு இழுத்தார். அம்மையார் அதை ஏதோ ஆஸ்பத்திரி வழக்கம் என்று நினைத்தார்.

அடுத்தநாள் விடியலில் குளிக்கப் போனவருக்குக் கால் கூசியது. சீழ் ஊறிய துணியோடு சுவாமி வஸ்திரத்தைத் தொடுவதா? கட்டை அவிழ்த்து மூலையில் வைத்தார். குளித்துவிட்டு, துணியைக் காலில் படாமல் தூக்கிப் பிடித்து மடித்துக் கொடுத்தார். பிறகு தம் கையாலேயே கட்டைச் சுற்றிக்கொண்டார். நாள்தோறும் இப்படியே நடந்தது. வாரம் ஒருமுறை சிஸ்டரிடம் போய், "அவுக்கவே இல்லை" என்றார்.

ஆறாவது வாரம் புண் முன்னைவிட அகன்றிருந்தது. சிஸ்டர் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் போட்ட கோடு எங்கம்மா போச்சு? ஒரு துண்டு முன்னால நிக்குது, ஒரு துண்டு பின்னால நிக்குது. ஒவ்வொரு வாரமும் பாத்துட்டுத்தான் இருக்கேன். நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

அம்மையார் தலை கவிழ்ந்தார். பொய் இத்தனை நாள் காலிலேயே எழுதியிருந்திருக்கிறது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்; வேட்டிக் கறையையும் சொன்னார். வேறு சாமியைக் கும்பிடும் அந்தப் பெண் புதுக் கட்டைச் சுற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றி முடித்ததும் கேட்டார்: "உங்க சாமிக்கு ஐயர் சாத்துன வேட்டியை நடுவுல யாராச்சும் அவுப்பாங்களாம்மா?"

"ஐயையோ! அவர்தானே களையணும்."

"அப்போ நான் சாத்துனதையும் என்கிட்டயே விட்டுருங்க."

அம்மையார் அங்கிருந்து நேரே கோயிலுக்கு நடந்தார். உள்ளே போகவில்லை. கொடிமரத்துக்கு வெளியே, சோமவாரக் கூட்டத்துக்கு நடுவே, புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டைக் காட்டினார். "சாமி, எனக்குக் கால்ல ரெண்டு வருசமாச் சீழ்ப்புண்ணு. பிரதோஷத்தன்னிக்குச் சுவாமி வேட்டியில பட்ட கறை என்னுது. பாத்தும் நான் வாயத் திறக்கல. ஆறுற வரைக்கும் இனி துணியத் தொட மாட்டேன்."

கூட்டம் இரண்டு அடி விலகியது. "இத்தனை நாளா இதையா நாம சேவிச்சோம்?" என்றார் ஒருவர். குருக்கள் வெளுத்துப்போய் நின்றார். அம்மையார் விழுந்து வணங்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். கட்டை அவிழ்க்காமல், இரண்டு தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்தார். வெட்கம் மட்டும் எப்படிப் படுத்தும் இறங்கவில்லை.

சுவாமி துணிகள் டவுன் சலவைக்கடைக்குப் போயின. அடுத்த மாதம் திருவாதிரைப் புறப்பாடு. குருக்கள் வேட்டியை உடுத்தி முடிச்சிட்டார், நழுவியது. மறுபடி கட்டினார், நழுவியது. கஞ்சி அதிகம் என்று வேறு வேட்டி எடுத்தார்கள். அதுவும் நழுவியது. நாற்பது ஆண்டு பழகிய கைக்கும் அடங்கவில்லை. நான்காம் முறை முடிச்சிடக் குனிந்தபோது, அவர் நெஞ்சுக்குள் ஒரு குரல் தெளிவாகக் கேட்டது: "அவள் சொல்லிவிட்டாள். நீ எப்போது சொல்லப்போகிறாய்?"

மேளம் காத்திருக்க, குருக்கள் வேட்டியைக் கையில் ஏந்தித் தெற்கு வீதியில் விடுவிடென்று நடந்தார். ஊர் பின்னால் வந்தது. வாசலில் அவரைக் கண்ட அம்மையார் பதறிக் காலை இறக்கப் போனார்.

"இறக்காதீங்கோம்மா, அப்படியே இருங்கோ." குருக்கள் ஊரார் காதிலும் விழச் சொன்னார். "அன்னிக்குத் தீபம் காட்டறப்போ கறையை நானும் பார்த்தேன். புறப்பாட்டுக்கு நேரமாச்சுன்னு கொசுவத்துக்குள்ள சொருகி மறைச்சேன். நீங்க எல்லார் முன்னாடியும் நின்னு சொன்னப்போ, நானும் பார்த்தேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. சுவாமி என் கையால உடுத்திக்க மாட்டேங்கறார்."

அம்மையார் முகத்தை மூடிக்கொண்டார். "எனக்காக நீங்க ஏன் சாமி வெக்கப்படணும்?"

"எனக்காகத்தான் படறேன். எழுந்து வந்து தேய்ச்சுக் குடுங்கோ."

"கால்ல கட்டு இருக்குங்களே. அவுக்க மாட்டேன்னு அந்தம்மாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

"கட்டோடயே தேய்ங்கோ. அதுதான் சுவாமி உத்தரவு."

அவர் முக்காலியில் அமர்ந்து, வில்வக் கொத்தால் நீர் தெளித்துத் தேய்த்தார். சடையன் ஓடிவந்து, சொல்லாமலே கரியை விசிறினான். இந்த முறை முடிச்சு நின்றது. வேட்டி நான்கு வீதியும் சுற்றி வந்தும் ஒரு மடிப்புக் கலையவில்லை.

ஐந்தாம் மாதம் புண் மூடித் தோல் வந்தது. சிஸ்டர் சொன்னபடி அழுத்தக் காலுறையை அவர் கடைசிவரை கைவிடவில்லை, அமர்ந்துதான் தேய்த்தார். சன்னதியில் ஊரார் வழிவிட்டாலும், தலை நிமிர்ந்து உள்ளே போக அவருக்கு இறுதிவரை வரவில்லை. அந்தக் கவிழ்ந்த தலையைத்தான் பூளைவனநாதர் விரும்பி ஏற்றார் போலும். தம் குறையைத் தாமே சொல்லி, இறைவனை மாசின்றி உடுத்திய வடிவாம்பாள் அம்மையாரின் திருவடிகளுக்கு நம் வணக்கம் உரியதாகுக.